அச்சுப்படியில் ஒரு ஞானஸ்நானம்

எங்கள் தொடர்கதையின் நாயகனுக்கு ஒருமுறை அச்சுப்படியில் ஞானஸ்நானம் நடந்தது. கதையை எழுதியவருக்கு அது தெரியாது. ஆசிரியராக இருந்த எனக்கும் தெரியாது. பக்கங்கள் அச்சகத்துக்குப் போகவேண்டிய அன்றுதான் கண்டேன். அது குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய வியாழக்கிழமை.

பாரிஸ் லா சப்பலிலுள்ள நம் இதழ் அறையின் கதவுத் திறப்பை இப்போது அடுத்த ஆசிரியர்களான நீங்கள் மூவரும் வாங்கியிருக்கிறீர்கள். பக்கம் கட்டுவது, எழுத்துரு தேர்வது, படத்தைச் சுருக்குவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும். அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பிறருடைய பக்கத்தில் யாரோ கைவைத்திருக்கிறார் என்று தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? அச்சகம் காத்திருக்கும், கைவைத்தவர் உங்களுக்கு வேண்டியவராக இருப்பார். எனக்கு ஒரு தடவை அப்படி நேர்ந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நம் இதழ் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கானது. வாசகரில் ஒரு பாதி புதுச்சேரிக்காரர், மறுபாதி யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்தவர். இந்த இரு பாதியும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று: கோயில் வாசலில் இதழை வாங்கியதும் முதலில் தொடர்கதைப் பக்கத்தைத் திருப்புவார்கள். ஆயரின் மடலைப் பிறகு வாசிப்பார்கள், அல்லது வாசித்ததாகச் சொல்வார்கள்.

அந்த ஆண்டுகளில் தொடரை எழுதியவர் புஷ்பம் அக்கா. மன்னாரில் பிறந்தவர், பாரிஸ் புறநகரான பியர்ஃபித்தில் குடியிருப்பவர், பாடசாலைக் கன்டீனில் வேலை. கதை இலங்கையை ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், ஆண்ட காலத்தில் நடக்கிறது. கோட்டையும் சட்டமும் ஒரு பக்கம், வன்னிக் காடு மறுபக்கம். கத்தோலிக்கக் குருமாருக்கு அப்போது தடை. உப்பு வியாபாரி வேடத்தில் திரியும் ஒரு குருவானவரை லூசியா என்ற பெண்ணின் குடும்பம் காட்டோரத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. காட்டுப் பாதை காட்டும் வேலன் அவருக்கு வழித்துணையாக வருகிறான். வேலன் சைவக்காரன். லூசியாவுக்கும் அவனுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதுதான் வாசகர் மாதம் முழுவதும் காத்திருந்த சங்கதி.

இந்த வகைக் கதைகளை நான் நிறைய வாசித்திருக்கிறேன். அமெரிக்கப் புல்வெளியில் வண்டி கட்டி மேற்கே போனவர்களைப் பற்றிய விசுவாசக் காதல் கதைகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பழைய புத்தகக் கடைகளில் குவிந்து கிடக்கும். இடம் எதுவானாலும் ஓட்டம் ஒன்றுதான். நாயகனுக்கு விசுவாசம் இருக்காது, அல்லது இருந்து போயிருக்கும். ஒரு காய்ச்சல், ஒரு தீ, ஒரு பனிப்புயல் வரும். கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் அவன் முழந்தாளிடுவான், கடைசியில் கல்யாணம். எனக்கு அது பிடிக்கும், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் முப்பது நாற்பது கதைகளை ஒரே மூச்சில் வாசித்தால் ஒரு சந்தேகம் வரும். அவன் முழந்தாளிட்டது கடவுளுக்கு முன்னாலா, பெண்ணின் தகப்பனுக்கு முன்னாலா?

இனி அமலோர். பிரெஞ்சில் ‘ஐயா’ என்னும் பொருளில் முசியே அமலோர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். புதுச்சேரிக்காரர், தபால் இலாகாவில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், கார்ஜ் புறநகரில் வீடு. நமக்கு அச்சுப்படி திருத்தியவர் அவர்தான். தாளில் சிவப்பு மையால் குறித்து, பிறகு தாமே கணினியில் உட்கார்ந்து திருத்தங்களை ஏற்றிவிடுவார். அவர் பார்த்த பக்கத்தை மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்று நாங்கள் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. தொடரின் ஆரம்பத்தில் லூசியா வழிப்போக்கருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் ஒரு காட்சி வந்தது. அக்காவும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

"அந்தக் காலத்துல காட்டுக் குடிசையில தேயில ஏது முசியே?" என்றார் அமலோர். "இங்கிலீஷ்காரன் வந்தப்புறம்தான மலையில நட்டான்? உங்க ஊரு விஷயத்த நானா சொல்லித்தரணும்?"

தேநீர் மல்லித் தண்ணீராயிற்று. அன்றிலிருந்து கதை நடக்கும் மாதங்கள், பண்டிகைகள், மழைக்காலம் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தேன். நாள் பார்ப்பது எனக்கு வியாதி என்று அவர் கேலி செய்வார்.

அவருடைய மனைவி இறந்து நெடுநாளாகியிருந்தது. கிளேர் ஒரே மகள். தகப்பனும் மகளுமாக வாழ்ந்த வீடு. அந்தக் கிளேர், ஸ்தேன் புறநகரில் வீடும் லா சப்பலில் கைத்தொலைபேசிக் கடையும் வைத்திருக்கும் சுதர்சனை விரும்பினாள். சுதர்சன் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவனே ஒரு நாள் மாடிப்படி ஏறி நம் அறைக்கு வந்தான்.

"அண்ணை, உங்கடை கதையாலை எனக்குப் பெரிய கரைச்சல்."

"எந்தக் கதை?"

"அந்த வேலன் கதைதான். ஒவ்வொரு மாசமும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளேர் வீட்டிலை சாப்பிடக் கூப்பிடுவினம். சாப்பிட்டு முடிய அமலோர் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்குவார். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரியும் எண்டு எனக்காகச் சத்தமாய் வாசிக்கிறாராம். வேலன் வாற இடம் வந்தால் நிப்பாட்டி, கண்ணாடிக்கு மேலாலை என்னைப் பாப்பார்."

"ஏதும் கேப்பாரோ?"

"வேலன் எப்ப மாறுவான் எண்டு நினைக்கிறீங்க தம்பி எண்டு கேப்பார். நான் என்ன சொல்ல? புடிங் சாப்பிடுறன்."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஜூன் மாதத்துக்கு மெரியில், அதாவது நகரசபையில், பதிவுத் திருமணத் தேதி எடுத்தாயிற்று. பிறகு கோயிலிலும் செய்யலாம், ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரிடம் அனுமதி வாங்க இடமுண்டு என்று கிளேர் பங்குக் குருவிடம் விசாரித்துத் தகப்பனுக்குச் சொல்லியிருந்தாள். சட்டம் அமலோருக்கும் தெரியும். ஆனாலும் சம்மதிக்கவில்லை. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஜூனில் நான் மெரிக்குப் போவேன் என்று மகள் சொல்லிவிட்டாள். சொன்னபிறகு வீட்டில் அழுதிருக்கிறாள்.

"அவர் வராட்டில் அவ சந்தோசமாய் இருக்கமாட்டா அண்ணை. நான் ஞானஸ்நானம் எடுக்கிறது ஒண்டும் பெரிய வேலையில்லை, தலையிலை தண்ணி ஊத்துறதுதானே எண்டு என்ரை சிநேகிதங்கள் சொல்லுறாங்கள். எனக்கு அப்பிடிச் செய்ய விருப்பமில்லை. நம்பாமல் எடுத்தால் அது அவரையும் ஏமாத்திறது, அவரின்ரை கடவுளையும் ஏமாத்திறது."

"நான் என்ன செய்யவேணும் எண்டு நினைக்கிறீர்?"

"அந்த வேலனைக் காட்டுக்குள்ளை எங்கையாவது அனுப்பிவிடுங்கோ. கரடி கடிச்சால் இன்னும் நல்லது."

கதை புஷ்பம் அக்காவுடையது, வேலனின் தலையெழுத்தும் அவர் கையில்தான் என்று சொல்லி அனுப்பினேன். அக்காவிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. வாசகர் விருப்பத்தை எழுதுகிறவரின் காதில் போடுவதில்லை என்பது என் வழக்கம். அதை நீங்களும் பின்பற்றலாம், விடலாம்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். உயிர்ப்புப் பெருவிழாவான பாஸ்காவுக்கு வெளிவரும் இதழ் என்பதால் அக்கா அந்த அத்தியாயத்தைப் பெரிய வெள்ளியில் முடித்திருந்தார். அச்சகத்துக்கு அனுப்பும் முன் தொடர்கதைப் பக்கத்தில் படம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். படத்துக்குக் கீழே இந்த வரிகள் இருந்தன:

‘அன்று மாலையே வேலன் குளத்தில் இறங்கி ஞானஸ்நானம் பெற்று அந்தோனி ஆனான். லூசியாவின் தகப்பன் சொன்னார்: என் மகளை வேறு விசுவாசக்காரனுக்குக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு நான் பூசைக்குப் போவேன் என்று பயந்தேன். இனிப் பயமில்லை.’

சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தேன். கதையில் அன்று பெரிய வெள்ளி. அடுத்த இரவு ஞானஸ்நானத்துக்கே உரிய பாஸ்கா இரவாக இருக்கும்போது, சாகக்கிடக்காத ஒருவனுக்குப் பெரிய வெள்ளி மாலையில் எந்தக் குருவானவரும் ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார், அவர் காட்டில் ஒளிந்திருந்தாலும். மன்னார்க் கோயில் மணியோடு வளர்ந்த புஷ்பம் அக்கா இதை எழுதியிருக்க முடியாது. அவர் அனுப்பிய கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அந்த வரிகள் இல்லை. நான் தட்டச்சு செய்தபோதும் இல்லை. எனக்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் தொட்டவர் ஒருவர்தான்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அழித்துவிட்டு அனுப்பினால் யாருக்கும் எதுவும் தெரியாது, இதழ் நேரத்துக்கு வந்துவிடும். அமலோர் அச்சில் பார்ப்பார், வாய் திறக்கமாட்டார், நானும் திறக்கமாட்டேன். அதற்குப் பிறகு ஒரே மேசையில் இரண்டு பேரும் எத்தனை காலம் இருப்போம்? வாக்குவாதத்தைவிட அந்த மௌனம் எனக்குப் பயமாக இருந்தது. அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து வெள்ளிக்கிழமைவரை தவணை கேட்டேன். திட்டிவிட்டுக் கொடுத்தார்கள். பிறகு அக்காவை அழைத்தேன். கன்டீனில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. வரிகளை வாசித்தேன்.

"ஆர் எழுதினது?"

"அமலோர்."

ஒரு தட்டைப் பட்டென்று வைக்கும் சத்தம்.

"முதல் வசனம் குப்பை," என்றார். "பெரிய வெள்ளியிலை ஞானஸ்நானமோ? அந்த மனுசனுக்கு விசர். ஆனால் மற்ற வசனம் இருக்கெல்லே, எந்த முகத்தோடை பூசைக்குப் போவன் எண்டது, அது நான் எழுதினதைவிட நல்லாயிருக்கு. லூசியாவின்ரை தேப்பனை நான் ஒரு மரக்கட்டை மாதிரி வைச்சிருக்கிறன் எண்டு எனக்கே தெரியும்."

"அழிக்கட்டோ?"

"பொறுங்கோ. அவருக்குக் கலியாணத்துக்குப் பிள்ளை இருக்கோ?"

இப்போது மறைக்க முடியவில்லை. சொன்னேன்.

"அப்ப அழியாதேங்கோ. வேலை முடிய வாறன்."

மாலையில் வந்தார். மேலங்கியைக் கூடக் கழற்றாமல் என் மேசையில் உட்கார்ந்து எழுதினார். குளத்து ஞானஸ்நானத்தை எடுத்துவிட்டார். ‘எந்த முகத்தோடு’ என்ற வாக்கியத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் லூசியாவின் தகப்பன் வாயில் வைத்து, அவரைக் குருவானவர் முன்னால் நிறுத்தினார். இவனுக்கு இன்றே ஞானஸ்நானம் கொடுங்கள், நாளை பெண்ணைக் கொடுக்கிறேன் என்று தகப்பன் கேட்கிறார். குருவானவருக்கு அக்கா எழுதிய பதிலைப் புரிந்துகொள்ள ஒரு சரித்திரச் செய்தி வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் அவர்களுடைய புரட்டஸ்தாந்துத் தேவாலயத்தில் பெயர் பதிந்தால்தான் திருமணம் செல்லும், பிள்ளைக்கு நிலம் சேரும். ஆகவே கத்தோலிக்கர் பலர் அங்கே போய்ப் பெயருக்கு ஞானஸ்நானம் பெற்று, பெயருக்குத் திருமணம் செய்து, திரும்பி வந்து இரவில் ஒளிந்திருந்த குருவிடம் மறுபடி மணம் முடித்தார்கள்.

குருவானவர் கேட்கிறார்: ‘கோட்டைக்காரன் உன் பெயரை எழுதிக்கொண்டு உனக்கு மனைவியைத் தந்தான். அன்று உன் நெஞ்சு மாறியதா? மாறவில்லை என்றுதான் என்னைத் தேடிக் காட்டுக்கு வந்தாய். உனக்கு அவன் செய்ததை இந்தப் பையனுக்கு என்னைச் செய்யச் சொல்கிறாயா?’ தகப்பன் தலைகுனிந்து நிற்கிறார். அத்தியாயம் முடிகிறது.

நல்ல பக்கம். அப்படியே அனுப்பியிருக்கலாம். அமலோர் வெள்ளிக்கிழமை காலையில் வழமைபோல் வருவார், அதற்கு முன் அனுப்பிவிட நேரம் இருந்தது. அனுப்பவில்லை. புதிய பக்கத்தைத் தாளில் எடுத்து, மற்றப் பக்கங்களோடு அவர் மேசையில் சிவப்புப் பேனாவுக்குக் கீழே வைத்தேன். அவர் திருத்தாத எந்தப் பக்கமும் இந்த இதழில் வந்ததில்லை. இந்தப் பக்கத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் அது அவருக்கு நான் கொடுக்கும் தண்டனையாகிவிடும். தண்டிக்க எனக்கு விருப்பமில்லை. அவர் படித்துவிட்டு எழுந்து போய்விடக்கூடும், மகளின் திருமணத்துக்கும் போகாமல் இருந்துவிடக்கூடும் என்ற பயம் மட்டும் இருந்தது.

வந்தார், குல்லாவைக் கழற்றினார், உட்கார்ந்தார். மற்றப் பக்கங்களை முடித்துவிட்டு அதை எடுத்தார். நான் திரையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

"இது என்னோட வாக்கியம்," என்றார்.

"ஓம்."

"எடுத்துருக்கலாமே நீங்க."

"அக்கா வேண்டாம் எண்டவ. நல்ல வசனம் எண்டு சொன்னவ."

அவர் காது சிவந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"நான் செஞ்சது தப்புதான். அத அப்புறம் பேசுவோம். இப்ப இந்தப் பக்கத்தப் பத்திப் பேசுவோம். இது சரியில்ல முசியே."

"எது சரியில்லை?"

"இந்த ஆளு இவ்ளோ சீக்கிரமா தலைய குனிய மாட்டான். சாமியாரு சரித்திரம் சொல்றாரு, நியாயமாத்தான் சொல்றாரு. அதுக்காகப் பொண்ணப் பெத்தவன் வாய மூடிடுவானா?"

"பின்னை என்ன சொல்லுவார்?"

அமலோர் எழுதத் தொடங்கினார். ஒரு வரி எழுதி அடித்தார், இன்னொன்று எழுதி அடித்தார். மூன்றாவதை அடிக்கவில்லை. தாளை என் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலருகே போய், பாலத்தின் மேல் மெட்ரோ போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

‘எனக்குப் பிறகு அவளுக்காக யார் செபிப்பது?’

அக்காவைத் தொலைபேசியில் பிடித்து வாசித்தேன்.

"போடுங்கோ," என்றார்.

"குருவானவர் என்ன பதில் சொல்லுறார்?"

"ஒண்டும் சொல்லேலாது. அத்தியாயம் அதோடை நிக்கட்டும்."

அப்படியே நின்றது. அமலோரே கணினியில் ஏற்றினார், நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்குப் பின்னர் திருத்தங்களை இருவர் சேர்ந்து ஏற்றும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். அதைக் கேட்டதும் அவர்தான். இன்றும் நீங்கள் அப்படிச் செய்வது இதனால்தான், கணினிக்காக அல்ல.

தொடரில் வேலன் கடைசிவரை வேலனாகவே இருந்தான். குருவானவர் அவர்களை அப்படியே மணம் முடித்துவைத்தார். எங்களைக் கண்டித்துக் கடிதங்கள் வந்தன. சிலவற்றை வெளியிட்டோம். நல்ல கடிதங்கள். விசுவாசமில்லாத குடும்பத்தில் வளரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு தாய் எழுதியதற்குப் பதில் எழுத எனக்குப் பல நாள் பிடித்தது. அந்த முடிவு எல்லோருக்கும் சரி என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அந்தக் கதைக்கு அது சரி.

பாஸ்காவுக்கு அடுத்த சனிக்கிழமை அமலோரும் நானும் அடுத்த இதழ் வேலையில் இருந்தோம். சுதர்சன் கதவைத் தட்டினான். கடையை யாரிடமோ விட்டுவிட்டு ஓடிவந்ததுபோல் மூச்சு வாங்கியது. கையில் இதழ்.

"ஐயா, இந்த முறை சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் வாசிக்கேல்லை."

"தொண்ட சரியில்ல."

"கிளேர் வாசிச்சுக் காட்டினவ. கடைசி வசனம் வாசிக்கேக்கை அவவாலை ஏலாமப் போட்டுது. பிறகு நான் எழுத்துக்கூட்டி வாசிச்சன்."

அமலோர் பேனாவை வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார், நான் எழுந்து போகவேண்டுமா என்று நானும் அவரைப் பார்த்தேன். இருக்கச் சொல்லிக் கை காட்டினார்.

"வாசிச்சீங்க இல்ல? பதில் சொல்லுங்க. எனக்கு அப்புறம் அவளுக்காக நீங்க செபம் பண்ணுவீங்களா?"

"பண்ணுவன். இப்பவும் பண்ணுறன். ஆனால் எங்கடை பிள்ளையாரட்டைத்தான். பொய் சொல்ல மாட்டன்."

கீழே தெருவில் யாரோ முருங்கைக்காயின் விலையைக் கூவினார்கள்.

"தினமுமா?"

"ஓம் ஐயா. காலமை கடை திறக்கேக்கை, கற்பூரம் கொளுத்தி."

"ஞாயித்துக்கெழம?"

"ஞாயிறும் திறப்பம்."

அமலோர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு, முன்னாலிருந்த பக்கத்தில் ஏதோ ஒரு புள்ளியைத் தேடுவதுபோல் குனிந்தார்.

"மெரிக்கு எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.